தோட்டாவின் வேகமும் தொங்கும் பெட்டியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)

சென்ற பருவத்தில் ஒருநாள் எங்கள் இயற்பியல் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டு என்னை எழுப்பினார். 10 கிராம் எடையுள்ள துப்பாக்கிக் குண்டு ஒன்று, கயிற்றில் தொங்கும் மரக்கட்டைக்குள் பாய்ந்து அதனுள்ளேயே தங்கிவிடுகிறது. கட்டையும் குண்டும் சேர்ந்து 5 கிலோ. அடிபட்ட கட்டை ஊசலாடி 3.3 சென்டிமீட்டர் உயரம் எழும்புகிறது. குண்டின் வேகம் என்ன?

ஆற்றல் அழியாது என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம் அல்லவா? குண்டின் இயக்க ஆற்றல் முழுவதும் கட்டையை உயர்த்தியது என்று வைத்துக்கொண்டு விறுவிறுவென்று போட்டேன். நொடிக்கு 18 மீட்டர் என்று விடை வந்தது. எழுதிவிட்டுப் பெருமையோடு திரும்பினேன்.

“தம்பி, நல்ல வேகப்பந்து வீச்சாளர் நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் பந்து போடுகிறார். உன் துப்பாக்கிக்கு அவர் கையே மேல்” என்றார் பேராசிரியர். வகுப்பு முழுவதும் சிரித்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். கரும்பலகையின் முன் நின்று சிரிப்பு வாங்குவது எனக்குச் சிறிய செய்தியாகப் படவில்லை.

தவறு எங்கே என்று அவரே காட்டினார். குண்டு கட்டைக்குள் புகும்போது மரத்தைப் பிளக்கிறது, சூடேறுகிறது, நசுங்குகிறது. ஆற்றலில் பெரும்பகுதி அங்கேயே வெப்பமாகப் போய்விடுகிறது. ஆனால் உந்தம் போகாது. ஆகவே கட்டை எழும்பிய உயரத்திலிருந்து, அடிபட்ட அந்த நொடியில் கட்டைக்கு இருந்த வேகத்தைக் காண வேண்டும்; அது நொடிக்கு 0.8 மீட்டர். பிறகு உந்த அழிவின்மையைக் கொண்டு குண்டின் வேகத்தைக் காண வேண்டும். கட்டையின் எடை குண்டைப்போல் 500 மடங்கு. எனவே குண்டின் வேகம் 0.8 ஐ 500 ஆல் பெருக்க வருவது, அதாவது நொடிக்குச் சுமார் 400 மீட்டர். குண்டு கொண்டுவந்த 800 ஜூல் ஆற்றலில் கட்டையை ஆட்டியது 1.6 ஜூல்தான். ஐந்நூறில் ஒரு பங்கு! மற்ற 499 பங்கையும் நான் கட்டையை உயர்த்தவே செலவு செய்திருக்கிறேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஜவ்வாது மலை நண்பர் ஒருவர் எழுந்தார். “சார், எங்க தாத்தா காலத்துல நாட்டுத் துப்பாக்கிக்கு ஒவ்வொரு தடவையும் மருந்தைக் கையாலதான் போடுவாங்களாம். அப்படிப் போட்டா ஒவ்வொரு குண்டும் இதே வேகத்துல போகுமா?”

பேராசிரியர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “இது என் கணக்கைவிட நல்ல கேள்வி. தெரிந்துகொண்டு வந்து சொல்லுங்கள்” என்றார். என்னையும் பார்த்துச் சொன்னதால், நானும் தேடலானேன். அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் அந்த ஊசலைப் பற்றி. பாலிஸ்டிக் ஊசல் எனப்படும் இதை முதன்முதலாகத் துப்பாக்கிக்குப் பயன்படுத்திப் புகழ் பெற்றவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1707 இல் பாத் நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். குடும்பம் போரையே வெறுக்கும் குவேக்கர் சமயத்தைச் சார்ந்தது. மகனோ பீரங்கியைப் பற்றி நூல் எழுதினார்! 1742 இல் வெளிவந்த அந்த நூலின் பெயர் ‘பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள்’ என்று பொருள்படும். அதற்குமுன் குண்டின் வேகத்தை யாரும் நேராக அளந்து காட்டவில்லை. சுட்டவுடன் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் ஒன்றை எந்தக் கடிகாரத்தைக் கொண்டு அளப்பது? ராபின்ஸ் காலத்தை அளக்கவில்லை. கனமான பலகையைத் தொங்கவிட்டு, அதன் அடியில் ஒரு நாடாவை இணைத்து, பலகை பின்னால் போகும்போது எவ்வளவு நாடா இழுபடுகிறது என்று அளந்தார். (இங்கே நாடா என்பது துணிப்பட்டி, ஆரணிக்காரர்கள் தறி நாடாவை நினைத்துவிட வேண்டாம்.) நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடும் குண்டின் வேகம், ஒரு நாடாத் துண்டாக அவர் கையில் கிடைத்தது.

கிடைத்த விடை அக்காலத்தவரை வியப்பில் ஆழ்த்தியது. துப்பாக்கிக் குண்டு நொடிக்கு 1,600 அடிக்கும் மேல் பாய்ந்தது. பலகையைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டபோது, வேகம் மிக விரைவாகக் குறைவதும் தெரிந்தது. காரீயக் குண்டுக்குக் காற்று ஒரு பொருட்டல்ல என்றுதான் பீரங்கிக்காரர்கள் எண்ணியிருந்தனர். அந்த வேகத்தில் காற்றின் எதிர்ப்பு குண்டின் எடையைப்போல் சுமார் 120 மடங்கு என்று ராபின்ஸ் காட்டினார். நாம் பாடத்தில் வரையும் அழகான பரவளையம் வெற்றிடத்தில்தான் உண்மை. கணித மேதை ஆய்லரே இந்நூலை 1745 இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து விரிவான விளக்கங்கள் எழுதினார். 1746 இல் ராயல் கழகம் ராபின்ஸுக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது.

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று படித்துக்கொண்டே வந்த நான் கடைசிப் பத்தியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸைத் தன் கோட்டைகளைச் சீர்ப்படுத்தும் தலைமைப் பொறியாளராக நியமித்தது. 1750 இல் அவர் வந்து இறங்கிய இடம் நம் கடலூர். தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை. காய்ச்சல் கண்டு 1751 ஜூலை 29 அன்று அங்கேயே இறந்தார். வயது 44. அந்தக் கோட்டையையும் 1758 இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துத் தகர்த்துவிட்டார்கள். அவர் இறந்த அதே 1751 ஆம் ஆண்டு டிசம்பரில்தான் நம் ஆரணியில் கிளைவின் படைக்கும், பிரெஞ்சுத் துணையுடன் வந்த ராஜா சாகிப்பின் படைக்கும் சண்டை நடந்தது. வரலாற்றுத் துறை நண்பர்கள் அதில் வென்றவர் தோற்றவர் பற்றிச் சொல்வார்கள். எனக்குத் தோன்றியது வேறு. அன்று ஆரணியில் வெடித்த துப்பாக்கிகள் எல்லாம் குழலின் வாய்வழியே கையால் மருந்து இட்டவையே. அவற்றின் குண்டு எவ்வளவு வேகத்தில் போகும் என்று அளந்து சொன்ன மனிதர் நான்கு மாதங்களுக்கு முன்புதான் கடலூரில் கண்ணை மூடியிருந்தார்.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். துப்பாக்கி எனக்குக் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஆனால் உண்டிவில் கிடைக்குமே! சோப்புப் பெட்டி ஒன்றில் ஏரிக் களிமண்ணை அடைத்து, நான்கு மூலையிலும் பட்டுநூலை முறுக்கிக் கட்டி, தறி வீட்டு உத்தரத்தில் ஒரு மீட்டர் நீளத்தில் தொங்கவிட்டேன். ஒரே நூலில் தொங்கவிட்டால் பெட்டி சுற்றிக்கொள்ளும். பெட்டிக்குப் பின்னால் ஒரு துணிப்பட்டி. குண்டுக்குப் பதில் 5 கிராம் கோலி. பெட்டியும் மண்ணும் கோலியும் சேர்ந்து 205 கிராம். சுடும் இடம் பெட்டியிலிருந்து மூன்று தப்படி தூரம்.

பத்து முறை அடித்தேன். பட்டி சில முறை 11 சென்டிமீட்டர் இழுபட்டது, சில முறை 19. கணக்குப்படி கோலியின் வேகம் நொடிக்கு 14 மீட்டரிலிருந்து 24 மீட்டர்வரை அங்குமிங்கும் ஓடியது. இதை அளவு என்று யாரிடம் சொல்வது?

தறிக்குழியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, “ஏன்டா, ஒரு தடவை காதுவரைக்கும் இழுக்கிற, ஒரு தடவை மூக்குவரைக்கும் இழுக்கிற. அப்புறம் எப்படி ஒண்ணா வரும்?” என்றார். அவர் மிதிக்கும் தறியில் ஒவ்வொரு ஊடையையும் ஒரே அழுத்தத்தில் அடிக்க வேண்டும். ஓரிடத்தில் அடி கூடி, ஓரிடத்தில் குறைந்தால் சேலையை விரித்துப் பிடித்ததும் பட்டை பட்டையாகத் தெரிந்துவிடும், கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அவர் சொன்னபடி வில்லில் ஒரு கயிறு கட்டி, அதற்குமேல் இழுக்க முடியாதபடி செய்தேன். அடுத்த பத்தில் பட்டி 14.5 முதல் 16 சென்டிமீட்டருக்குள் நின்றது. வேகம் 18.6 முதல் 20.5. என் முதல் பத்தில் இதைவிட வேகமான அடிகள் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அவற்றை நம்பி எதையும் குறிபார்க்க முடியாது.

மறுநாள் காலையில் அடித்தபோது எல்லாமே கூடுதலாக வந்தன. வேகம் கூடக் காரணமே இல்லை. நெடுநேரம் குழம்பியபின் புரிந்தது: இரவில் மண் காய்ந்துவிட்டிருந்தது. கோலி மண்ணில் புதையாமல் பின்னால் தெறித்திருக்கிறது. தெறித்துத் திரும்பும் கோலி பெட்டிக்குக் கூடுதல் உந்தத்தைத் தருகிறது. ‘உள்ளேயே தங்கிவிடுகிறது’ என்று பேராசிரியர் கணக்கில் எழுதிய இரண்டு சொற்களின் அருமை அப்போதுதான் தெரிந்தது.

நான் உண்டிவில்லில் செய்ததைத்தான், துப்பாக்கி வேட்டை சட்டப்படி நடக்கும் அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் பலர் தோட்டாவில் செய்கிறார்கள். தோட்டா என்பது நான்கு உறுப்புகள் கொண்டது. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி மூட்டும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் குண்டும் மருந்தும் போய்விடும், கூடு மிஞ்சும். அந்தக் கூட்டைத் துடைத்து, பழைய அளவுக்குச் சரிசெய்து, புதிய பிரைமர் வைத்து, மருந்தை எடைபோட்டு இட்டு, குண்டைப் பொருத்திக்கொள்வதே கையால் தோட்டா தயாரித்தல். செலவு குறையும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், ஒவ்வொன்றையும் ஒன்றுபோல் செய்யலாம் என்பது. மருந்தை அவர்கள் கிரெயின் என்னும் அளவில் நிறுப்பார்கள். ஒரு கிரெயின் 0.065 கிராம், நம் பத்தர்கள் பொன் நிறுத்த குன்றிமணியில் ஏறத்தாழப் பாதி. பத்தில் ஒரு கிரெயின் கூடினாலும் குறைந்தாலும் திரும்பக் கொட்டி நிறுப்பவர்கள் உண்டு. அளவு கூடிவிட்டால் குறி தவறுவதோடு போகாது. குழலே வெடித்துச் சுடுபவரின் முகத்தில் அடிக்கும். அதனால்தான் அங்கும் அச்சிட்ட அட்டவணையின் கீழ்மட்டத்திலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகவே ஏறுகிறார்கள்.

செய்து முடித்த தோட்டாவை எப்படிச் சோதிப்பது? ராபின்ஸின் ஊசல் நூறாண்டுக்குமேல் உழைத்தது. பிறகு 1860களில் பெல்ஜியப் படை அதிகாரி லெ பூலாஞ்சே ஓர் அருமையான கருவி செய்தார். குண்டு முதல் கம்பியை அறுத்ததும் மின்காந்தம் ஒன்று பிடியை விட, ஒரு நீண்ட தண்டு கீழே விழத் தொடங்கும். இரண்டாம் கம்பியை அறுத்ததும் இன்னொரு தண்டு விழுந்து ஒரு கத்தியைத் தட்டிவிடும். விழுந்துகொண்டிருக்கும் முதல் தண்டின்மேல் கத்தி ஒரு வடு போடும். வடு இருக்கும் இடத்தைக் கொண்டு தண்டு எவ்வளவு நேரம் விழுந்தது என்று காணலாம். நாம் பதினொன்றாம் வகுப்பில் படித்த தடையின்றி விழும் பொருளின் சமன்பாடுதான்! இப்போது இரண்டு ஒளி உணரிகளோ சிறிய ராடாரோ நொடியில் எண்ணைக் காட்டிவிடுகின்றன. ஆனால் எண் கிடைப்பதோடு வேலை முடிவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். எண்கள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஒருவர் இரு வகையாக மருந்திட்டு ஐந்தைந்து தோட்டா சுடுகிறார். முதல் வகையின் வேகம் 802, 798, 801, 799, 800. இரண்டாம் வகை 812, 788, 806, 794, 800. இரண்டிற்கும் சராசரி 800 மீட்டர்தான். சராசரியை மட்டும் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றே. திட்டவிலக்கம் கண்டால் முதலாவது 1.6, இரண்டாவது 9.5.

இந்த வேற்றுமை எங்கே தெரியும்? குண்டு குழலைவிட்டு வெளியேறிய கணமே விழத் தொடங்குகிறது. வேகமான குண்டு இலக்கை முன்னதாக அடைவதால் குறைவாக விழும். மெதுவான குண்டு கூடுதலாக விழும். காற்றை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 100 மீட்டர் தூரத்தில் இரண்டாம் வகையின் மிக வேகமான குண்டுக்கும் மிக மெதுவான குண்டுக்கும் இடையே அரை சென்டிமீட்டர்கூட இல்லை. தாளில் இரண்டும் ஒரே ஓட்டைபோல் தெரியும். 300 மீட்டரில் 4 சென்டிமீட்டர். 1,000 மீட்டரிலோ 46 சென்டிமீட்டர்! முதல் வகைக்கு அங்கேயும் 8 சென்டிமீட்டர்தான். தூரம் பத்து மடங்கானால் பிழை நூறு மடங்காகிறது, ஏனெனில் விழும் தொலைவு காலத்தின் இருபடிக்கு நேர்விகிதம். காற்றையும் சேர்த்தால் வழிநெடுக வேகம் குறைவதால் நிலைமை இன்னும் மோசம். பக்கவாட்டுக் காற்று, சுடுபவரின் மூச்சு, கைந்நடுக்கம் எல்லாம் இதற்குமேல்.

அருகில் வைத்துச் சோதித்துவிட்டுத் தொலைவில் சுடுபவர் ஏமாறுவது இப்படித்தான். ஐந்து தோட்டா சுட்டுத் திருப்தி அடைவதும் ஏமாற்றமே. ஐந்தே ஐந்தில் கண்ட சிதறல், உண்மைச் சிதறலில் பாதிக்கும் குறைவாகக்கூடத் தோன்றலாம். ஒரு சாண் துணியைப் பார்த்துவிட்டு முழுச் சேலைக்கும் விலை பேசுவது போன்றது அது.

மான் ஒன்றின் நெஞ்சுப் பகுதி ஏறத்தாழ ஒரு சாண். அதற்குள் பட்டால் விரைவில் சாவு. 46 சென்டிமீட்டர் என்பது இரண்டு சாண். சுட்ட குண்டு காலிலோ தாடையிலோ வயிற்றிலோ படும். காயம்பட்ட விலங்கு புதருக்குள் ஓடி, பல நாள் துடிக்கும். புலியாக இருந்தால் கதையே வேறு. குமாவோன் பகுதியின் சம்பாவத்தில் ஜிம் கார்பெட் 1907 இல் சுட்டுக் கொன்ற பெண்புலி, நேபாளத்திலும் இந்தியாவிலுமாக 436 மனிதரைக் கொன்றதாக அவர் எழுதியிருக்கிறார். அதன் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. முன்பு எவரோ சுட்ட குண்டின் காயம் அது. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதரைத் தேடி வந்தது என்பது கார்பெட்டின் முடிவு. அந்த முதல் குண்டைச் சுட்டவர் யாரென்று யாருக்கும் தெரியாது. நெஞ்சைக் குறிபார்த்துத்தான் அவரும் சுட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991 இல் வந்த திருத்தத்திற்குப்பின் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை. துப்பாக்கியும் தோட்டாவும் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டுபவை. எனவே இந்த ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். விடுதியில் ஒருவர் கேட்கவும் செய்தார். விளையாட்டு வீரர்கள் இதையே செய்கிறார்கள் என்று அவருக்குச் சொன்னேன். பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்குச் செல்பவர்கள், ஒரே பெயருடைய ரவைகளிலும் தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, தம் துப்பாக்கிக்கு எது சிதறாமல் போகிறதோ அதையே வாங்கி வைக்கிறார்கள். 2021 இல் டோக்கியோவிலும் 2024 இல் பாரிஸிலும் இந்தியாவுக்காகச் சுட்ட இளவேனில் வாலறிவன் பிறந்த ஊரும், ராபின்ஸ் இறந்த கடலூரே!

இன்னொரு செய்தி, வெப்பத்தைப் பற்றியது. மருந்து சூடாக இருந்தால் விரைந்து எரியும். அழுத்தமும் வேகமும் கூடும். மார்கழிக் குளிரில் சோதித்த தோட்டா சித்திரை வெயிலில் வேறு தோட்டா. நீலகிரியில் குன்னூருக்கு அருகே, 1903 இல் அமைந்த அரவங்காடு கார்டைட் தொழிற்சாலை இன்றும் உந்துமருந்து செய்கிறது. எங்கு செய்தாலும் படைக்கலத் தோட்டாவை ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, குளிரவைத்தும் சூடேற்றியும் சுட்டுப் பார்த்த பிறகே ஏற்பது வழக்கம். நாட்டுத் துப்பாக்கிக்காரருக்கு இதெல்லாம் ஏது என்று நான் எண்ணினேன்.

அவ்வாறு எண்ணியது தவறு என்பதைப் பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பிய ஜவ்வாது மலை நண்பர் காட்டினார். தாத்தாவின் துப்பாக்கியை வீட்டார் எப்போதோ காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார்களாம். ஆனால் பரணில் ஒரு மூங்கில் குப்பி கிடந்தது. ஒரு கணுவில் வெட்டி, உட்புறம் வழவழவென்று தேய்த்தது. தாத்தா அதில் மருந்தை அள்ளி, இரண்டு தட்டுத் தட்டி, கட்டை விரலால் வழித்துவிட்டுத்தான் குழலில் போடுவாராம். மருந்துக் குடுவையை வெயிலில் வைத்தால் பாட்டிக்குத் திட்டு விழுமாம்.

பேராசிரியரின் அனுமதியோடு அந்தக் குப்பியை ஆய்வகத்திற்குக் கொண்டுபோனோம். காய்ந்த ஆற்று மணலைச் சலித்து, தாத்தா செய்தபடியே பத்து முறை நிரப்பித் தராசில் நிறுத்தோம். மிகக் குறைந்தது 4.1 கிராம், மிகக் கூடியது 4.3. தட்டாமல் நிரப்பியபோது 3.7 வரை இறங்கியது. பேராசிரியர் இரண்டு வரிசையையும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். குப்பியை நண்பர் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார், பாட்டி கேட்டாராம்.